பைக்குள் தைக்கும் லேபிள்

தகரக் கூரையின் ஓட்டை வழியாக இறங்கும் வெயில், வெட்டு மேசைமேல் சட்டைப் பொத்தான் அளவுக்கு வட்டமாக விழுந்து கிடக்கிறது. பன்னிரண்டு தையல் மெஷின்களும் நின்றுவிட்டதால் பக்கத்து அறையில் பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாடு சொல்வது தெளிவாகக் கேட்கிறது. இந்த மெஷின்களில் பெண்கள் தைக்கும் பள்ளிக்கூடப் பைகளை விற்றுத்தான் அந்த வகுப்பு நடக்கிறது. பைகளை எடுக்கும் பெரிய கடை இன்று ஒரு கட்டு லேபிள் அனுப்பியிருக்கிறது. துணி வெட்டும் கட்டிங் அக்கா ஒன்றை உருவி வெயிலுக்கு நகர்த்துகிறாள். போன வருஷம்தான் அதே வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகியவள். விரலை ஓட்டி உரக்க வாசிக்கிறாள். "இதைத் தைத்தவர் ஓர் ஏழைத் தாய். வாங்கி உதவுங்கள்." ஓரத்து மெஷின்காரி களுக்கென்று சிரிக்கிறாள். "ஏழைன்னு போட்டா ஜிப்பு நல்லா ஓடுமாக்கும்!" வாசலில் நிற்கும் மேனேஜர் தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. "அக்கா, இதை வச்சுத் தைக்கலன்னா ஆர்டரே வேணாங்கிறாங்க." "பை நல்லா இருந்தா எடுக்கச் சொல்லு தம்பி. பாவம் பாத்து ஒருத்தரும் எடுக்க வேணாம்." கட்டிங் அக்காவின் பெரிய கத்தரி லேபிள் கட்டின் நடுவில் கறகறவென்று இறங்குகிறது, பாதி 'ஏழை'கள் தரையில் உதிர்கின்றன. கறுப்பு வெட்டுத்துணி ஒன்றை இழுத்துப் போட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, தையல் சாக்பீஸால் எழுத்தெழுத்தாக எழுதுகிறாள்: 'தையல் பிரிந்தால் கொண்டு வாருங்கள்.' தலையைச் சாய்த்துப் பார்க்கிறாள். போதவில்லை. கீழே இன்னொரு வார்த்தையை அழுத்தி எழுதுகிறாள்: 'பிரியாது.'