பார்க்காமல் சொல்லுங்கள்

"திரும்பாதீங்கன்னு டீச்சர் சொன்னாங்கல்ல?" "நான் எங்க திரும்புனேன், நீதான் இடிக்கிறே!" மாலை நேர ஆங்கில வகுப்பில் கணவனும் மனைவியும் முதுகோடு முதுகாக உட்கார்ந்திருக்கிறார்கள். பார்க்காமலே மற்றவர் தோற்றத்தை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், அதுதான் பயிற்சி. அவர் சட்டையில் அறுந்த பித்தான் வரைக்கும் அவள் சொல்லி முடித்துவிட்டாள். இப்போது அவர் முறை. "ப்ளூ சாரி," என்கிறார். அவள் கட்டியிருக்கும் பச்சைச் சேலையைப் பார்த்துப் பின்வரிசை களுக்கென்று சிரிக்கிறது. "கிளாஸஸ்?" என்று டீச்சர் எடுத்துக் கொடுக்கிறார். "நோ கிளாஸஸ்!" என்று அடித்துச் சொல்கிறார் அவர். சிரிப்பு சட்டென்று அடங்கிவிடுகிறது. அவர் முதுகில் பட்டிருந்த வெதுவெதுப்பு மெல்ல விலக, பின்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடக்கும் சின்னச் சத்தம். காதுமடல் சுட, அவர் தரையையே பார்க்கிறார். "போட்டு ஒரு மாசமாச்சு," என்கிறாள் அவள், தாழ்ந்த குரலில். "இப்பத் திரும்பலாங்க, டீச்சர் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."