அதிகாரி எண்ணெய்

ஆடுகளைக் காலையிலேயே விரட்டி, அவை வழக்கமாக ஏறி மேயும் ஆர்கன் மரத்தில் ஏற்றிவிட்டார்கள். எண்ணெய்க்கூடத்துக்குள் ஒரே ஒரு புழுக்கை கிடந்தாலும் சான்றிதழ் கிடைக்காது.

சான்றிதழ் இல்லையென்றால் பாட்டிலில் சங்கத்தின் பெயரை ஒட்ட முடியாது. பெயர் இல்லாத பாட்டிலை அகாதிர் நகரக் கடைக்காரர்கள் தொடமாட்டார்கள். அப்புறம் முப்பத்திரண்டு பெண்களும் எண்ணெய் எடுக்கும் ஆர்கன் கொட்டையை மூட்டையோடு நகரத்து ஆலைக்காரனிடம் கொடுத்துவிட்டு, அவன் சொல்கிற விலைக்குத் தலையாட்ட வேண்டியதுதான். மகளிர் கூட்டுறவுச் சங்கத் தலைவி கல்தூமாவுக்கு மூன்று நாளாகத் தூக்கம் இல்லை.

புது ஆய்வாளர் ஹாஷ்மிக்கு மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. ஆனால் ஒன்று விடாமல் பார்த்தார். வெள்ளை ஓடு பதித்த சுவரைத் தடவினார். ஈ வலையில் ஓட்டை தேடினார். கொட்டை உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் தலைத்துணிகளை எண்ணினார். பிறகு பதிவேட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“பொதுக்குழுக் கூட்டம் நடந்துச்சாம்மா?”

“நடக்காம? முழுசா நாலு மணி நேரம். அதுல மூணு மணி நேரம் இந்த ரிகியாவோட மருமகளைப் பத்தித்தான்” என்றாள் கல்தூமா.

“இதுல எழுதலையே?”

“அவளுக்குத் தனிப் பதிவேடு வேணும்யா” என்றாள் ரிகியா. சரக்கறைச் சாவி அவளிடம்தான் இருந்தது. கூடமே சிரித்தது. ஹாஷ்மி மட்டும் காது சிவந்து குனிந்துகொண்டார்.

எல்லாம் சரியாக இருந்தது. கல்தூமா நிம்மதியாக மூச்சு விட்டபோது ஹாஷ்மி தொண்டையைக் கனைத்தார்.

“அப்புறம்... மூணு பாட்டில் எண்ணெய் வேணும்மா. விற்பனையில சேர்க்க வேண்டாம்.”

கல்தூமா ரிகியாவைப் பார்த்தாள். ரிகியா கூரையைப் பார்த்தாள்.

“நானே போய் எடுத்துக்கறேனே” என்று அவர் எழுந்தார்.

“உக்காருங்கய்யா! டீ ஊத்தியாச்சு. ஊத்தின டீயை விட்டுட்டு விருந்தாளி எந்திரிச்சுப் போனார்னா, நாளைக்கு நாங்க எப்படி ஊருக்குள்ள தலைகாட்டறது? மூணு கிளாஸ் முடியாம இந்த இடத்தை விட்டு அசையக் கூடாது.”

அவரும் நல்ல தாய் வளர்த்த பிள்ளை. புதினா மணக்கும் கிளாசை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சரக்கறைக் கதவைச் சாத்தியதும் ரிகியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “போன வருசத்துக் கிழவருக்கு ரெண்டு போதும்னு இருந்துச்சு. இந்தப் பொடியன் வந்ததும் வராததுமா மூணு கேக்கறான் பாருக்கா!”

கூஸ்கூஸ் ரவை மூட்டைக்குப் பின்னால் அந்த ஐந்து பாட்டில்கள் இருந்தன. அதே லேபிள், அதே மூடி. உள்ளே மட்டும் ஐந்து பங்கு சூரியகாந்தி எண்ணெய், மணத்துக்கு ஒரு பங்கு ஆர்கன், நிறத்துக்கு ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள். ‘அதிகாரி எண்ணெய்’ என்று பெயர். ஆறு வருடத்துக்கு முன் கல்தூமா கண்டுபிடித்தது. உண்மையான பாட்டில் ஒன்று நிறைய ஒருத்தி இரண்டு நாள் கல்லில் கொட்டையை வைத்துக் கல்லால் தட்ட வேண்டும். அதை இனாம் கேட்கும் அதிகாரிகளுக்குச் சும்மா தூக்கிக் கொடுக்க கல்தூமாவுக்கு மனம் வரவில்லை. சங்கத்தில் ஏமாற்று என்று இருந்தது அந்த ஒன்றுதான்.

“பாவம்க்கா, சின்னப் பையன். நல்லதையே குடுத்துரலாமா?”

“ஏண்டி, வயசுக்குத் தகுந்த மாதிரியா கேட்டான்? போன வருசம் வந்தவரு, என் பொண்டாட்டி முடி பளபளன்னு ஆயிருச்சுன்னு ஆள் விட்டுச் சொல்லலையா? எடு, எடு.”

ஹாஷ்மி மூன்று பாட்டில்களையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நீங்க விக்கிறதும் இதே எண்ணெய்தானேம்மா?”

“இந்தக் கூரைக்குக் கீழே ஒரே எண்ணெய்தான்யா. கடைக்குப் போறதும் இதான், எங்க வீட்டுல ரொட்டியில தொட்டுக்கறதும் இதான். என் புள்ளைங்க மேல சத்தியம்.”

அவருக்கு முகம் மலர்ந்தது. பையிலிருந்து சிவப்பு அரக்குக் குச்சியை எடுத்து, தேநீர் அடுப்பில் காட்டி, மூன்று மூடிகளின்மேலும் சொட்டவிட்டார். முத்திரையும் அழுத்தினார்.

“கார்ல சிந்தாம இருக்க எவ்வளவு ஏற்பாடு!” ரிகியா கல்தூமாவின் காதில் கிசுகிசுத்தாள். “பக்குவமான திருடன்க்கா.”

“இதுல ஒரு கையெழுத்தும்மா” என்று ஹாஷ்மி ஒரு படிவத்தை நீட்டினார்.

கல்தூமா சந்தோஷமாகப் போட்டாள். “அப்போ சான்றிதழ்?”

“பதினஞ்சு நாள்ல வந்துரும். இவ்வளவு சுத்தமான சங்கத்தை நான் பார்த்ததே இல்ல” என்று எழுந்தார் ஹாஷ்மி. ஒரு பாட்டிலில் ‘ஆய்வுக்கூடம்’ என்றும் இன்னொன்றில் ‘அலுவலகம்’ என்றும் சீட்டு ஒட்டிப் பைக்குள் வைத்தார். மூன்றாவதை இரண்டு கையாலும் எடுத்துக் கல்தூமாவிடமே நீட்டினார்.

“இது உங்ககிட்டயே பத்திரமா இருக்கட்டும்மா, ஆய்வுக்கூடத்துல கலப்படம்னு தப்பா ஏதாவது சொல்லிட்டா, இதைக் கொண்டுவந்து உங்க நேர்மையை நிரூபிச்சுரலாம்.”