கட்டில் எங்கே போடலாம்?

“கட்டிலை எங்க போடலாம்னு கேட்டேனே, காதுல விழுந்துச்சா?”

மனைவி கேட்டபோது அவர் வெறுந்தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மூன்றாம் மாடி. கூடத்துக்கு ஒரு நாற்காலிகூட இன்னும் வந்து சேரவில்லை. ஜன்னல் வழியே வந்த பிற்பகல் வெயில் பாய் விரித்த மாதிரி தரையில் படுத்துக் கிடந்தது. புது வீட்டு வாசனை மூக்கைத் துளைத்தது.

“போன வீட்டுல ஜன்னல் இதைவிடப் பெருசு, இல்ல?” என்றார்.

“ஆரம்பிச்சிட்டீங்களா? போன வீடு போயாச்சு.”

“இந்த முட்டியை வெச்சுக்கிட்டு இன்னும் எத்தனை வருஷம் ஏறி இறங்கப்போறேனோ, தெரியல.”

அவர் சுபாவமே அப்படி. நேற்றில் தேடினால் கிடைப்பார், நாளையில் தேடினாலும் கிடைப்பார்; இன்றைக்கு மட்டும் ஆள் அகப்படவே மாட்டார்.

அவள் பிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி அவர் கையில் திணித்தாள்.

“உங்க அண்ணன் குடும்பம், தங்கச்சி குடும்பம்னு ஒம்பது பேருக்கு நடுவுல நாம ரெண்டு பேரும் தனியா உக்காந்து பேசி எத்தனை மாசமாச்சு? இன்னைக்குத்தான் கிடைச்சிருக்கு. வெண்ணெயைக் கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையாதீங்க. சொல்லுங்க, கட்டில் எங்க?”

அவருக்குச் சுருக்கென்றது.

“ஜன்னலோரம்” என்றார். “படுத்துக்கிட்டே மரத்தைப் பார்க்கலாம்.”

“அப்படி வாங்க வழிக்கு! சாப்பாட்டு மேஜை?”

“கூடத்துக்கு நடுவுல. ரெண்டே ரெண்டு நாற்காலி. வேற யாரும் வந்து உக்கார முடியாது.”

“அடேயப்பா, ஐயாவுக்கு ஆசையைப் பாரு!”

இல்லாத மேஜைக்கு இடம் விட்டுச் சுற்றிக்கொண்டு நடந்தாள் அவள். பின்னாலேயே போனவர் அதன் முனையில் இடித்துக்கொண்டு “ஆ!” என்று முட்டியைப் பிடித்தார். அவள் சிரித்த சிரிப்பு காலி அறைகளுக்கெல்லாம் போய்விட்டுத் திரும்பி வந்தது.

பிறகு ஜன்னலோரக் கட்டிலில் இருவரும் மல்லாந்து படுத்தார்கள். தரை குளுகுளுவென்றிருந்தது. வெளியே ஒரு கிளை ஆடியது, நின்றது, மறுபடி ஆடியது. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். போன வீடு நினைவில் இல்லை, முட்டி வலியும் இல்லை. ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

வாசல் பூட்டில் சாவி திரும்பியது. இருவரும் விருட்டென்று எழுந்தார்கள்.

உள்ளே வந்த வீட்டுக்கார அம்மாள் சுவரை விரலால் தொட்டுப் பார்த்தாள். “பெயின்ட்தான் நல்லாக் காஞ்சிடுச்சே, பெயின்டர்! புருஷனும் பொண்டாட்டியுமா ஏணியை எடுத்துக்கிட்டுக் கிளம்பாம, இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“குடியிருந்தோம்மா” என்றார் அவர்.