இருபது வருஷத்துத் தவறு

கோதுமைத் துரு நோய் பற்றி விவசாய ஆராய்ச்சி நிலையத்து டைரக்டர் ராஜாராமன் இருபது வருஷத்துக்கு முன் சொன்ன முடிவு தவறு என்று அங்கே வேலை பார்த்த செலின் நிரூபித்திருந்தாள். அவள் கட்டுரையை லண்டன் பத்திரிகை ஒன்று, பெயர் சொல்லாத ஒரு நிபுணரின் சிபாரிசில் ஏற்றுக்கொண்டது.

"டைரக்டர்கிட்ட சொன்னா வேலையே போயிடும்" என்று கரோல் பாக் பகுதியிலிருந்த வீட்டில் கணவன் வில்பிரட் தடுத்தான். அவள் கேட்கவில்லை. மறுநாள் காலை அவர் அறைக்குப் போனாள்.

"சார், உங்க முடிவை மறுத்து ஒரு கட்டுரை எழுதியிருக்கேன். இங்க யார்கிட்டயும் காட்டலை."

"உக்காரும்மா. நாலாம் பக்கத்துல ஒரு கூட்டல் தப்பு இருக்கு. ஜல்தி திருத்தி அனுப்பிடு."

உட்காரப் போன செலின் நிமிர்ந்து பார்த்தாள்.

"சார்... அந்த நிபுணர் நீங்களா?"

"எங்கே தப்பு பண்ணினேன்னு இத்தனை வருஷமா நானும் தேடிண்டிருந்தேன்மா" என்றார் ராஜாராமன்.