தகரத்தில் இறங்கும் பாலேடு

மலாயாவில், பாலிங் பக்கத்து ரப்பர் தோட்டத் தொழிலாளர் லயத்தின் அடுப்படியில் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. ஜப்பான்காரன் தோற்றுவிட்டான் என்று காலையில்தான் சேதி வந்தது. மூன்றரை வருஷம் மரவள்ளிக் கொல்லையில் புதைந்து கிடந்த வெள்ளைக்காரத் துரையின் விஸ்கி போத்தல் இப்போது ஈர மண் ஒட்டியபடி அடுப்பருகே நிற்கிறது. துரை ஓடிப்போகும் வரை அவருக்குச் சமைத்தவன் அங்கமுத்து; ஜப்பான்காரன் ஆள்பிடித்துப் போட்ட சயாம் ரயில் பாதையிலிருந்து எலும்பும் தோலுமாகத் தப்பி வந்தவன். கொதிக்கும் காப்பியில் வெல்லமும் விஸ்கியும் கலந்து, கடைந்த பாலேட்டைக் கரண்டி முதுகில் ஊற்றுகிறான். காய்ச்சலில் கரண்டி நிலைகொள்ளாமல் சாய்கிறது. மேலே மிதக்க வேண்டிய ஏடு முங்கிப்போகிறது. இரண்டாவது கோப்பையிலும் அதே கதி. இனி ஒரே கோப்பைக்குத்தான் விஸ்கி இருக்கிறது. "போச்சு புள்ள. துரைக்கு ஒருநாளும் இப்படி ஆனதில்ல." "தள்ளுங்க," என்கிறாள் அவன் மனைவி அம்சவள்ளி. பங்களாப் படியேறாதவள், பால்மரம் சீவுகிறவள். மரத்தில் பால் வழியச் செருகும் தகரத்தைக் கழுவி, மூன்றாம் கோப்பையின் விளிம்பில் சாய்த்துப் பிடிக்கிறாள். ஏடு அதன் வழியே அவசரமில்லாமல் இறங்கி, கறுப்பின்மேல் வெள்ளையாகப் படர்ந்து, நிற்கிறது. அசையாமல் நிற்கிறது. அங்கமுத்து வாய்விட்டுச் சிரிக்கிறான். திரும்பி வந்தபின் இதுதான் முதல் சிரிப்பு. "மொத வாய் எப்பவும் துரைக்குத்தான்," என்று கோப்பையை அவள் பக்கம் நகர்த்துகிறான். "குடிங்க துரை." ஒரு வாய் குடித்து, மேலுதட்டில் ஏட்டின் வெள்ளை மீசையோடு அம்சவள்ளி நிமிர்ந்து உட்காருகிறாள். அதைத் துடைக்கவில்லை.