ஸ்கேல் சத்தம்

கிருபாகரன் சார் டியூஷனில் இப்போதெல்லாம் பிள்ளைகள் மூச்சுக்கூட விடுவதில்லையாம்; தெருவில் பெற்றவர்களுக்கு அதில் ஒரே பெருமை. நமக்குப் பொறுக்குமா? கீரை வாங்கும் சாக்கில் போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். சார் நாற்காலியில்தான் இருந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணி எச்சில் வடிந்துகொண்டிருந்தது. பின்னால் நின்ற அவர் மனைவி தவமணி, வாதத்தில் விழுந்துபோன அவர் கையை ஸ்கேலோடு சேர்த்துத் தூக்கி மேசையில் தட்டினாள். "பேசாம எழுதுங்க. சார் கோவமா இருக்காங்க." பிள்ளைகள் நிமிரவே இல்லை. அவள்தான் நிமிர்ந்தாள், என்னைப் பார்த்துவிட்டாள். ஜன்னலருகே வந்து, "பிள்ளைங்க நின்னுட்டா அடுப்பு எரியாதுக்கா" என்று முணுமுணுத்து ஜன்னல் கதவைச் சாத்தினாள். இத்தனை பேர் இருக்கிற தெருவில் அவளுக்கு நான்தானா கிடைத்தேன்? திரும்பினால், எதிர்வீட்டு மரகதம் படியில் எனக்கு இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா, உள்ளே என்ன விசேஷம்?" ஸ்கேல் மறுபடியும் தட்டியது.