மூன்றாவது ஓலை

ஏற்காடு மாதா கோயில் படியேறும்போதே ஞானப்பிரகாசம் மகனின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"செம்மநத்தத்து அமலியோட கல்யாண ஓலையை இன்னைக்கு மூணாவது தடவையா வாசிக்கறாங்க. நீ எந்திரிச்சு ஏதாச்சும் உளறினீன்னா நம்ம குடும்ப மானமே போயிரும், பாத்துக்க."

"தடை தெரிஞ்சா சொல்லுங்கன்னு சாமியாரே கேக்கறாருங்களேப்பா," என்றான் ஜெரோம். "அவங்கப்பாகிட்ட காப்பித் தோட்டத்தை எழுதி வாங்கிட்டுத்தான் கல்யாணமே பேசியிருக்காங்க. அது தடையில்லீங்களா?"

"கேட்டதும் பெரியவங்க, குடுத்ததும் பெரியவங்க. உன்னைய இளைஞர் குழுவுக்கு அனுப்புனதே தப்பு. ரெண்டு வசனம் படிச்சதும் பிரசங்கம் பண்றே!"

"படிச்சதைக் கோயிலோட வெச்சுட்டு வர முடியுங்களா?"

"அந்தப் புள்ள மேல அத்தனை ஆசைன்னா, வாயை மூடிக்கிட்டு உக்காரு."

"ஆசை இருக்கறதாலதானுங்கப்பா எந்திரிக்கறேன்."

பூசை முடிந்ததும் சாமியார், நடக்கப்போகும் கல்யாணத்தை ஊருக்கு அறிவிக்கும் அந்த ஓலையை வாசித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று வழக்கம்போல் சேர்த்துக்கொண்டார். அந்தக் கோயிலில் இதுவரை யாரும் அதற்கு எழுந்ததில்லை. ஞானப்பிரகாசம் சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க, முதல் வரிசையில் ஜெரோம் எழுந்து நின்றான். கோயிலே அவனைப் பார்த்தது.

சாமியார் கையிலிருந்த தாளை மறுபடி பார்த்தார்.

"என்னப்பா இது? மாப்பிள்ளையே தடை சொன்னா எப்படி?"

"எங்க ஊட்டுல வாங்குன தோட்டம் அமலி ஊட்டுக்குத் திரும்பிப் போகோணும், சாமி. அதுவரைக்கும் நாலாவது ஓலை வாசிங்க, அஞ்சாவது ஓலை வாசிங்க. ஒவ்வொரு தடவையும் நான் எந்திரிப்பேன்."